சேவல் யாரை அடிக்குது? அதை வச்சு சண்டைக்குணத்தை சரி பண்ற வழி

"அண்ணே, எங்க சேவல் ஓவரா சண்டை போடுதுண்ணே, என்ன பண்றது"ன்னு கேக்குறவங்க கிட்ட நான் முதல்ல திருப்பி கேக்குறது, யாரை அடிக்குதுன்னுதான். இன்னொரு சேவலையா, வீட்டு ஆளையா, பொட்டைக்கோழியையா? இது மூணும் தனித்தனி பிரச்சனை. ஒண்ணுக்கு பண்ற வைத்தியம் இன்னொண்ணுக்கு ஆகாது. பெருவிடை (அசில்னு சொல்றது இதைத்தான்) சண்டைக்கார இனம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அது இன்னொரு சேவலை பாத்தாதான். வளக்குற ஆளு கிட்ட அது பெரும்பாலும் பூனை, கக்கத்துல இடுக்கிட்டு கடைவீதி வரைக்கும் போயிட்டு வரலாம். வீட்டுல புள்ளைய துரத்துறது, பால்காரரை கேட்டுக்கு வெளியவே நிறுத்தி வைக்கிறது எல்லாம் சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) சேவலோ ரோட் ஐலண்ட் ரெட்ங்கிற வெளிநாட்டு இன சேவலோ பண்ற வேலையாத்தான் அதிகம் இருக்கும்.

கீழ அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்களுக்கு வேண்டியதை மட்டும் பாத்துக்கலாம். சண்டைக்கு பழக்குறது எப்படின்னு தேடி வந்தவங்களுக்கு இதுல ஒண்ணும் கிடைக்காது. வேடிக்கைக்காக மிருகத்தை மோத விடுறது 1960 மிருகவதை தடுப்பு சட்டப்படி குத்தம், அதோட அந்த பேச்சு முடிஞ்சுது.

எதுக்கும் முன்னாடி, உங்க சேவல்ல என்ன ரத்தம் ஓடுதுன்னு பாருங்க

சந்தையில "சுத்த நாட்டுக்கோழி"ன்னு சொல்லி விக்கிறதுல பாதி பெருவிடை கலப்பு. கழுத்து நீளமா, நெஞ்சை நிமித்திக்கிட்டு நெட்டுக்குத்தலா நிக்குதா, மூக்கு தடிமனா குட்டையா இருக்கா, கொண்டை ரம்பம் மாதிரி இல்லாம மண்டையோட ஒட்டி சின்னதா இருக்கா, தாடி இருக்குற இடமே தெரியலையா, இறகு உடம்போட ஒட்டி நெஞ்செலும்பு பக்கம் தோல் தெரியுதா... இதுல மூணு பொருந்தினாலும் அதை பெருவிடைன்னே வச்சு நடத்துங்க. கிளிமூக்கு விசிறிவாலும் இந்த வகையறாதான், அழகுக்கு வளக்குறதுன்னு நெனச்சு ரெண்டை ஒரே கூண்டுல போட்டா காலையில ஒண்ணுதான் நிக்கும். ரம்பக்கொண்டை, தொங்குற தாடி, ரெண்டு கிலோவுக்குள்ள உடம்பு, மரத்துல பறந்து ஏறுறது, இதெல்லாம் இருந்தா சிறுவிடை.

இது ஏன் முக்கியம்னா, சாதாரண சேவல் சண்டை போடுறது யார் பெரியவன்னு முடிவு பண்றதுக்கு. தோத்தது தலைய தாழ்த்திட்டு ஓடும், ஜெயிச்சது கொஞ்ச தூரம் துரத்திட்டு இறக்கைய தட்டி ஒரு கூவு கூவும், அவ்வளவுதான். நார்வேக்காரர் ஷெல்டரப் எப்பே 1920கள்லயே கோழிகளுக்குள்ள இந்த கொத்து வரிசை இருக்குறதை எழுதி வச்சுட்டார். பெருவிடைய எத்தனையோ தலைமுறையா ஆளுங்க பொறுக்கி எடுத்தது, தோத்தாலும் ஓடக்கூடாதுங்கிற ஒரே குணத்துக்காக. ஓடுறதை எல்லாம் கொழம்பு வச்சுட்டு ஓடாததை மட்டும் இனத்துக்கு விட்டு விட்டு வந்ததால அதுங்களுக்குள்ள வரிசை உருவாகுறதே கஷ்டம், ஒண்ணு விழுற வரைக்கும் போகும்.

அறிகுறி: ஒரே அடையில பொரிச்ச சேவல்கள், அஞ்சு மாசம் வரைக்கும் ஒண்ணா மேஞ்சது, இப்ப ரத்தம் வர அடிச்சுக்குது

வயசுக்கு வந்துருச்சு, வேற ஒண்ணுமில்ல. நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள விதை வளந்து டெஸ்டோஸ்டிரான் ஏற ஆரம்பிக்கும், கொண்டை செவக்கும், கூவுற சத்தம் உடைஞ்சு உடைஞ்சு வரும், அந்த சமயத்துல தொடங்குறதுதான் இது. அண்ணன் தம்பிங்கிறது நம்ம கணக்கு, சேவலுக்கு அந்த கணக்கு கிடையாது.

சிறுவிடைன்னா ரத்தம் ரொம்ப போகாத வரைக்கும் குறுக்க போகாதீங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் பிரிச்சு விட்டா முடிவு ஆகாத சண்டை மறுநாளும் தொடரும், அதுக்கு மறுநாளும் தொடரும். அதுங்களுக்கு வேண்டியது தோத்தது ஓடுறதுக்கு இடம், கண்ணுக்கு மறைய ஒரு ஓரம். நாலு பக்கமும் வலை அடிச்ச சின்ன கொட்டகையில ஓட இடம் இல்லாம மூலையில மாட்டிக்கிட்டா, ஜெயிச்சது இன்னும் எதிரி முன்னாடியே நிக்கிறான்னு நெனச்சு அடிச்சுக்கிட்டே இருக்கும். கொட்டகைக்குள்ள செத்த சேவல்ல பாதி இப்படி மாட்டுனதுதான். குறுக்க ரெண்டு ஓலைத்தட்டி, ஏறி உக்கார உயரமா ஒரு கழி, தீவனத்தட்டு ஒண்ணுக்கு பதிலா ரெண்டு மூணு இடத்துல, இதை பண்ணாலே பாதி அடங்கும். எட்டு பத்து பொட்டைக்கு ஒரு சேவல்தான் கணக்கு, மிச்சத்தை வித்துருங்க. பொங்கல் தீபாவளிக்கு விக்கலாம்னு ஏழெட்டு சேவலை சேத்து வச்சிருக்கீங்கன்னா ஒரு வழி இருக்கு: பொட்டையே இல்லாம, பொட்டை கண்ணுல படாம சேவலை மட்டும் தனி அறையில விடுங்க, ரொம்ப பேர் இப்படி பிரச்சனை இல்லாம வளக்குறாங்க. ஆனா அதுல இருந்து ஒண்ணை வெளிய எடுத்து கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப விட்டா எல்லாம் சேந்து அதை மொத்திடும், பாத்துக்கோங்க.

பெருவிடைன்னா மேல சொன்ன பொறுமை எல்லாம் வேண்டாம். முதல் சண்டை பாத்த அன்னைக்கே பிரிச்சுருங்க, திரும்ப சேக்குறதுங்கிற பேச்சே இல்ல. ஒரு சேவலுக்கு ஒரு அறை, நாலஞ்சு பொட்டையோட. காலுல கயிறு போட்டு கட்டுறவங்க ரெண்டு கயிறும் முழுசா இழுத்தாலும் நடுவுல நல்ல இடைவெளி இருக்குதான்னு அளந்து கட்டுங்க, முளைக்குச்சி மழையில இளகியிருக்கும், அடிக்கடி ஆட்டி பாருங்க.

அறிகுறி: தனித்தனி கூண்டுதான், ஆனா நாள் முழுக்க கம்பியில முட்டி மூஞ்சி கிழிஞ்சு கெடக்கு

பக்கத்து கூண்டு சேவல் கண்ணுக்கு தெரியுது. சத்தம் கேட்டா கூவுறதோட நிக்கும், உருவம் தெரிஞ்சாதான் முட்டும். தரையில இருந்து ரெண்டரை மூணு அடிக்கு சாக்கோ தகரமோ தென்னந்தட்டியோ கட்டுங்க, பெருவிடை உசரம்ங்கிறதால ஒன்றரை அடி பத்தாது. கம்பியே இல்லாத இடத்துல இதே மாதிரி முட்டுதுன்னா பைக் கண்ணாடி, கார் பம்பர், பளபளன்னு கழுவி கவுத்து வச்ச எவர்சில்வர் அண்டா, இதுல எதுலயாவது அதோட உருவம் தெரியும். துணி போட்டு மூடுனா தீந்துச்சு.

அறிகுறி: ஆளை அடிக்குது

இதைப் பத்திதான் நெறய பேசணும், ஏன்னா இதுலதான் தப்பு வைத்தியம் அதிகம்.

அடிக்கிறதுக்கு முன்னாடி அது சொல்லிட்டுதான் அடிக்கும். ஒரு பக்க இறக்கைய தரையில உரசுற மாதிரி தொங்க விட்டு உங்கள அரைவட்டம் சுத்தி சைடு வாக்குல நடக்கும், இல்லன்னா கழுத்து மயிரை சிலுப்பிக்கிட்டு தலைய தாழ்த்தி நேரா பாக்கும், இல்லன்னா சம்பந்தமே இல்லாம தரைய கொத்துற மாதிரி நடிக்கும். இதை பாத்த உடனே நாம என்ன பண்றோம்னா ஒண்ணு ஓடுறோம், இல்ல கால்ல உதைக்கிறோம். ஓடுனா, சரி இவன் தோத்துட்டான், நாளைக்கும் துரத்தலாம்னு அது கத்துக்கும். உதைச்சா, சரி இவனும் சண்டைக்கு வர்ற சேவல்தான்னு முடிவு பண்ணி இன்னும் உசரமா எகிறும். ரெண்டுலயும் அது கேட்ட பதிலை நாம குடுத்துடறோம்.

பண்ண வேண்டியது: நின்ன இடத்துல நில்லுங்க, முதுகை காட்டாதீங்க, குனியாதீங்க, கைய வீசாதீங்க. கையில ஒரு முறமோ அகலமான பக்கெட் மூடியோ வச்சுக்கிட்டு அதை கேடயமா முன்னாடி புடிச்சு, அது நிக்கிற இடத்தை நோக்கி மெதுவா நடங்க, அது விலகுற வரைக்கும். விலகிருச்சுன்னா துரத்தாதீங்க, உங்க வேலைய பாருங்க. விலகாம எகிறுச்சுன்னா பஞ்சாரத்தை (கோழி கவுக்குற கூடை) போட்டு கவுத்துருங்க, கத்தாம அடிக்காம, ஒரு அரை மணி நேரம் கெடக்கட்டும். தினமும் தீவனம் வைக்கிற ஆளே இதை பண்ணணும், வேற யாரோ வந்து அடக்கிட்டு போனா அது அந்த ஆளை மட்டும்தான் விட்டுவைக்கும். சாயங்காலம் அடைஞ்ச பிறகு தூக்கி கக்கத்துல வச்சு கொஞ்ச நேரம் கொட்டகைய சுத்தி நடக்குறதும் நல்லா வேலை செய்யுது, பெருவிடை கலப்புல சீக்கிரம் பழகும், சிறுவிடையில இழுத்தடிக்கும்.

அதுக்கு முன்னாடி காரணத்தை தேடுங்க. பகல்ல பொட்டைய புடிக்கப் போய் அது கேருனா சேவல் வர்றது அதோட கடமை, அதனால கோழி புடிக்கிறதை எல்லாம் ராத்திரிக்கு வச்சுக்கோங்க. குஞ்சோட தாய்க்கோழி மேயுற சமயத்துல சிறுவிடை சேவல் ரொம்ப சூடா இருக்கும், அது ஒரு ரெண்டு மாச சங்கதி, பொறுத்துக்கலாம். குறிப்பிட்ட ஒரு ஆளை மட்டும் அடிக்குதுன்னா அவங்க செருப்பு, சேலை நிறம், கையில எடுத்துட்டு வர்ற குடம், இதுல ஏதோ ஒண்ணு அதுக்கு ஆகல, மாத்தி பாருங்க. கோழிக்கு நிறம் நம்மள விட நல்லாவே பிரிஞ்சு தெரியும்.

குஞ்சுல இருந்து தனியா வீட்டுக்குள்ள கையிலயே வளத்த சேவல்தான் வளந்த பிறகு ஆள் மேல பாயுறதுல முன்னாடி நிக்கும், பாசமா வளத்தோமேன்னு வருத்தப்படுவாங்க. மத்த சேவலை பாக்காம வளந்ததுக்கு நீங்கதான் இன்னொரு சேவல். தனியா வளக்குறதா இருந்தா கூட ரெண்டு மூணு குஞ்சாவது சேத்து வளத்துங்க.

இனம் வாரியா சொன்னா: பிரம்மா, கொச்சின், சில்க்கி மூணும் ஆள் கிட்ட சாது. வெள்ளை லெகார்ன் பயந்தாங்கொள்ளி, நெருக்கினா பறந்து மூஞ்சிக்கு வரும், அதை கோவம்னு சொல்ல முடியாது, பதட்டம். ரோட் ஐலண்ட் ரெட் சேவல் தைரியமான சாதி, யோசிச்சு வந்து அடிக்கும். கடக்நாத் மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்து காட்டுமேட்டு கோழி, ஆளை கண்டா விலகத்தான் பாக்கும், அடைச்சு வச்சா எரிச்சல் ஆயிடும். இதெல்லாம் பொதுவா சொல்றது, ஒரே அடையில பொரிச்ச ரெண்டுல ஒண்ணு சாதுவாவும் ஒண்ணு ரவுடியாவும் வர்றது சகஜம்.

கால்ல பின்பக்கம் இருக்குற முள்ளு நீளமா இருந்தா நுனிய மட்டும் நாய் நகம் வெட்டுற கட்டர்ல எடுத்து அரம் போட்டு மழுக்கிருங்க. உள்ள எலும்பும் ரத்தமும் இருக்கு, அடியோட வெட்டப் போனா ரத்தம் நிக்காது. காயடிச்சா அடங்குமான்னு சிலர் கேக்குறாங்க, சேவலுக்கு விதை வயித்துக்குள்ள முதுகெலும்பு ஓரமா இருக்கு, வீட்டுல கை வைக்கிற வேலை இல்ல.

ஆளுக்கு முள்ளு குத்திருச்சுன்னா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில நல்லா கழுவி டிடி ஊசி எப்ப போட்டதுன்னு பாத்து டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆழமான குத்து உள்ளுக்குள்ள சீழ் வைக்கும். நாய்க்கடி ஊசி போடணுமான்னு பயப்பட வேண்டாம், ரேபிஸ் பாலூட்டிகளோட வியாதி, கோழி மூலமா வராது. அஞ்சு வயசுக்குள்ள புள்ளைங்க இருக்குற வீட்டுல ஆளை அடிக்கிற சேவல் இருந்தா நான் சொல்ற ஒரே யோசனை, சட்டியில போடுங்க, இல்ல புள்ளைங்க இல்லாத எடத்துக்கு குடுத்துருங்க. அதோட எகிறுற உயரமும் குழந்தையோட கண்ணும் ஒரே மட்டம். இந்த விஷயத்துல பழக்கி பாக்கலாம்ங்கிற ரிஸ்க் வேண்டாம். ஆளை அடிக்கிற சேவலை இனத்துக்கு விடவே விடாதீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி, குணம் ரத்தத்துல இறங்கும்.

அறிகுறி: பொட்டைக்கோழி முதுகு மொட்டை, தலைப்பின்னாடி புண்ணு

முதுகு மட்டும் மொட்டைன்னா அது சண்டை இல்ல, மிதி (சேவல் மேல ஏறி இணை சேர்றது) ஜாஸ்தி. நாலு பொட்டைக்கு ரெண்டு சேவல்னு இருக்கும், இல்லன்னா நாலு கிலோ பெருவிடைய ஒன்றேகால் கிலோ சிறுவிடை பொட்டைங்க கூட விட்டிருப்பீங்க. சேவலை குறைங்க, கால் நகத்தை மழுக்குங்க, முதுகு கிழிஞ்ச பொட்டைய இறகு முளைக்கிற வரைக்கும் தனியா வைங்க. பேன் செல்லு இருக்கான்னும் இறகை விலக்கி பாருங்க, அதுவும் முதுகை காலி பண்ணும்.

சேவல் பொட்டைய துரத்தி துரத்தி மண்டையில கொத்துது, மிதிக்கக்கூட இல்லாம அடிக்குதுன்னா அது வேற. சண்டை சேவல்தான் இப்படி பண்ணும்னு நெனப்போம், ஆனா கனடாவுல குவெல்ஃப் பல்கலைக்கழகத்துல இதை ஒப்பிட்டு பாத்தப்போ, சண்டை இன சேவல் பொட்டைகிட்ட ஒழுங்கா நடந்துச்சு, பொட்டைய அடிச்சு காயப்படுத்துனது பிராய்லர் தாய்க்கோழி பண்ணையில விடுற சேவல். இத்தனைக்கும் பிராய்லருக்கு அப்பன் வழியான கார்னிஷ் இனத்துலயே நம்ம அசில் ரத்தம் இருக்கு. அதனால கறிக்கோழி கலப்பு சேவலை வாங்கி நாட்டுப்பொட்டை கூட விட்டு இந்த பிரச்சனை வந்தா பெருசா வைத்தியம் தேடாதீங்க, சேவலை மாத்துங்க. நல்ல சேவல் எதாவது தின்ன கிடைச்சா கொக்கொக்குன்னு கூப்பிட்டு பொட்டைக்கு காட்டும், அப்புறம்தான் மிதிக்கப் போகும். வாங்கப் போற எடத்துல கொஞ்சம் கம்பு தானியத்தை வீசி போட்டு அதை கவனிச்சுட்டு வாங்குங்க.

இதே ஆறு மாச சின்ன சேவல்னா கொஞ்சம் பொறுங்க, வயசு கோளாறு. பெரிய தாய்க்கோழிங்க நாலு இருந்தா அதுங்களே ரெண்டு தட்டு தட்டி புத்தி சொல்லிக்கும்.

அறிகுறி: மூணு நாலு வாரக் குஞ்சுங்களே கொத்திக்குது

எங்க கொத்துதுன்னு பாருங்க. நேருக்கு நேர் நின்னு எகிறி தலைய தலைய கொத்துனா, அது பெருவிடை குஞ்சா இருந்தா, ரத்தத்துல இருக்கு, அந்த வயசுலயே ஒண்டிக்கு ஒண்டி நிக்கும். கூட்டத்தை சின்ன சின்னதா பிரிச்சு, தாய்க்கோழியோடவே விட்டு வளங்க. பெருவிடையில பொட்டைங்களும் அடிச்சுக்கும், குஞ்சோட இருக்குற ரெண்டு தாய்க்கோழிய ஒரே கூண்டுல அடைச்சா குஞ்சு மிதிபட்டு சாகும்.

வால், பின்பக்கம், கால் விரல் இதுல கொத்துனா அது சண்டை கிடையாது, குறைபாடு. இடநெருக்கடி, சூடு, கண்ணு கூசுற வெள்ளை பல்பு, தீவனத்துல புரதமோ உப்போ பத்தாதது, இதுதான் காரணமா இருக்கும். வெறும் நொய்யும் தவிடும் போட்டு வளக்குற எடத்துல இது சர்வ சாதாரணம், குஞ்சு தீவனத்துல புரதம் 20 சதவீதத்துக்கு பக்கமா வேணும். பல்பை மங்கலாக்குங்க, முருங்கைக்கீரை கட்டை தலைக்கு எட்டுற உயரத்துல தொங்க விடுங்க, ரத்தம் வந்த குஞ்சை அந்த நிமிஷமே வெளிய எடுங்க. கழுத்தறுத்தான் கலந்த கூட்டம்னா இன்னும் உஷார், அதுக்கு கழுத்துல இறகு இல்லாததால சின்ன கீறல் கூட செவப்பா தெரிஞ்சு எல்லாம் அங்கயே குறி வைக்கும்.

அறிகுறி: ரவுடியா இருந்த சேவல் திடீர்னு சாது ஆயிருச்சு

சந்தோஷப்படாதீங்க. மயிர் உதிர்க்குற சமயம்னா சரி, அப்ப கொண்டை சுருங்கி கூவுறதும் குறையும், புது இறகு வந்ததும் பழையபடி ஆயிடும். இறகும் உதிரல, ஆனா ஒதுங்கி நிக்குது, கொண்டை கருக்குது, எச்சம் பச்சையா வெள்ளையா தண்ணியா போகுதுன்னா வெள்ளைக்கழிச்சலா (கோழிக்கழிச்சல்னு சொல்றதும் இதைத்தான்) இருக்கலாம், உடனே தனியா எடுங்க. கழுத்தை முறுக்கிக்கிட்டு வானத்தை பாக்குறதை சண்டையில அடிபட்டதுன்னு நெனச்சு எண்ணெய் தடவிட்டு இருக்குறவங்க இருக்காங்க, அதுவும் பெரும்பாலும் கழிச்சலோட மிச்சம்தான். தமிழ்நாட்டுல வருஷா வருஷம் பிப்ரவரியில கோழிக்கழிச்சலுக்கு இலவச ஊசி முகாம் நடக்கும், விட்டுறாதீங்க.

அறிகுறி: சண்டை முடிஞ்சு போச்சு, அடிபட்டு கெடக்கு

முதல்ல நிழல், தனி கூண்டு, மங்கலான வெளிச்சம். மத்ததுங்க கண்ணுல ரத்தம் பட்டா கொத்தியே கொன்னுடும். மயக்கத்துல இருக்குற கோழிக்கு வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும், தலைய தானா தூக்குன பிறகு ஓஆர்எஸ் கலந்த தண்ணிய முன்னாடி வைங்க. காயத்தை உப்புத்தண்ணியில கழுவி பெட்டாடின் போடுங்க, அது இல்லன்னா வேப்பெண்ணெய்யில மஞ்சள் குழைச்சு போடலாம், ஈ உக்காராம இருக்குறதுதான் முக்கியம், புழு வெச்சுட்டா பொழைக்கிறது கஷ்டம். வீட்டுல இருக்குற வலி மாத்திரைய உடைச்சு குடுக்காதீங்க. டைக்ளோஃபினாக் பாறு கழுகு கூட்டத்தையே காலி பண்ண மருந்து, கோழி கிட்னியையும் கெடுக்கும். தண்ணி குடிச்சதும் நெஞ்சு வழியா ஒழுகுதுன்னா தீனிப்பை கிழிஞ்சிருக்கு, தையல் போடணும், அரசு கால்நடை மருந்தகத்துக்கு தூக்கிட்டு போங்க, இல்ல கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு கூப்பிடுங்க.

ஆறுனதும் திரும்ப கூட்டத்துல விடுறதுலதான் நெறய பேருக்கு ரெண்டாவது சண்டை வருது. கோழிங்க ஒண்ணையொண்ணு அடையாளம் வச்சுக்குறது மூஞ்சியும் கொண்டையும் பாத்துதான். மூஞ்சி வீங்கி, கொண்டை கிழிஞ்சு, ரெண்டு மூணு வாரம் கண்ணுல படாம இருந்த சேவல் மத்ததுக்கு புது ஆளுதான். அதனால வீக்கம் முழுசா வடியட்டும், அதே கொட்டகைக்குள்ள ஒரு மூலையில வலைக்கூண்டுல ஒரு வாரம் வச்சு பாக்க விடுங்க, அப்புறம் சாயங்காலம் எல்லாம் அடைஞ்ச பிறகு கழி மேல ஏத்தி விட்டுட்டு, விடியுறதுக்கு முன்னாடியே நீங்க போய் நில்லுங்க, பஞ்சாரத்தோட. சந்தையில இருந்து புதுசா வாங்கிட்டு வர்ற சேவலுக்கும் இதே முறைதான், என்ன, நோய் ஒட்டாம இருக்க அதுக்கு முன்னாடி மூணு வாரம் தள்ளி வேற எடத்துல வைக்கணும். பெருவிடைக்கு இந்த பாரா பொருந்தாது, அதை அதோட அறையிலயே விட்டுருங்க.